தம்பிக்கு ஒரு ஜன்னல்

"கையைக் கொடுங்கண்ணே, கையைக் கொடுங்க."

ரயில் நகரத் தொடங்கிவிட்டது. வாசல் கம்பியை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு மறு கையை வெளியே நீட்டினாள் தையல்காரி. மூச்சிரைக்க ஓடி வந்தவர் அவள் மணிக்கட்டைப் பற்றி, படியில் கால் வைத்து, விழாத குறையாக உள்ளே வந்து சுவரில் சாய்ந்தார்.

"இன்னொரு தடவை இப்படி இறங்குனீங்க, உங்க பையைத் தூக்கி வெளிய போட்டுட்டுக் கதவைச் சாத்திடுவேன்" என்றாள்.

அந்தப் பெட்டியில் அவருக்கு 'இன்ஜின் அண்ணன்' என்று பெயர் விழுந்து ஒரு பகல் ஆகியிருந்தது. எந்த ஸ்டேஷனில் நின்றாலும் முதல் ஆளாக இறங்குவார். முன்னால் போய் இன்ஜினைப் பார்ப்பார். பிறகு பிளாட்பாரத்தின் அடுத்த கோடிக்கு ஓடுவார். சிக்னல் விழுந்த பிறகுதான் திரும்பி வருவார். வண்டி ஓடும்போதோ ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, பார்த்ததையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி வாய்க்குள் முணுமுணுப்பார். சுரங்கப் பாதை, சிவப்பு மண், கொக்கு உட்கார்ந்த கம்பம், எதிரே வந்த சரக்கு வண்டியில் ஏற்றியிருந்த டிராக்டர்கள். நடுநடுவே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார். ஓடுகிற ரயில் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

அதைக் கேட்டு மேல் பெர்த்தில் படுத்திருந்த தையல்காரியின் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மீனுக்குத் தண்ணி ஒத்துக்காதுன்னு இப்பத்தான் கேள்விப்படுறேன் என்றார்.

"ரயில் பைத்தியம் எனக்கில்லைங்க, தம்பிக்கு" என்றார் இன்ஜின் அண்ணன். "ஒரு ஹாரன் சத்தத்தைக் கேட்டே என்ன இன்ஜின்னு சொல்லுவான். நான் அவனை எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கேன்."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. தம்பி, இந்த வண்டி புறப்பட்ட தூரத்து ஊரில் வெல்டர். இந்த வண்டியில் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் போக வேண்டும் என்பது அவன் வெகுநாள் ஆசை. அதிலும், நாளைக்குக் காலையில் வரப்போகும் ஆற்றுப் பாலம் என்றால் அவனுக்கு உயிர். படத்தில் பார்த்ததோடு சரி. ஒவ்வொரு வருஷமும் டிக்கெட் போடுவான், ஒவ்வொரு வருஷமும் முதலாளி லீவை மறுப்பார்.

"இந்த வருஷம் ஒருவழியா லீவு கிடைச்சுதாக்கும்?" என்று கேட்டாள்.

"கிடைச்சுது."

"அப்போ ஆள் எங்க?"

"இதே வண்டியிலதான், கடைசியில இருக்கான். அங்க ஜன்னல் கிடையாது. அதான் நான் பார்த்துட்டுப் போய்ச் சொல்றேன்."

தையல்காரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ரிசர்வ் பண்ணாத கடைசிப் பெட்டிக் கூட்டத்தில், ஜன்னலோரம் கிடைக்காமல், கால் வைக்க இடமில்லாமல் அந்தப் பையன் நசுங்கிக்கொண்டிருக்கிறான். ரயிலே பிடிக்காத இந்த மனுஷர் ஜன்னலோரம் காற்று வாங்குகிறார்.

"நல்ல அண்ணன் நீங்க" என்றாள். "ஆசைப்பட்டவனை இருட்டுல அடைச்சுட்டு, நீங்க வேடிக்கை பார்த்துட்டு வர்றீங்க. கூடப் பொறந்தவன்தானே?"

வீட்டுக்காரர் மேலிருந்து அவளை அதட்டினார். அந்த நேரம் பார்த்து இன்ஜின் அண்ணனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. சொந்தபந்தம் எல்லாரும் வந்து காத்திருக்கிறார்களாம், விமானத்தில் வந்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்குமாம். போனில் ஒரு பெண் குரல் இரைந்தது எதிர் சீட் வரைக்கும் கேட்டது. அவன் ஆசைப்பட்டது இந்த வண்டிதான் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனை அணைத்தார். கல்யாண வீட்டு அவசரம் போலிருக்கிறது என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பாலத்துக்கு முந்தின ஜங்ஷனில் வண்டி நின்றது. இங்கே இன்ஜின் மாற்றுவார்கள், நேரம் இருக்கிறது. அவர் வழக்கம்போல் முன்பக்கம் ஓடினார். தையல்காரி பின்பக்கம் நடந்தாள். ராத்திரியே முடிவு செய்துவிட்டாள். பாலம் தாண்டும் வரைக்கும் தன்னுடைய ஜன்னல் சீட்டு அந்தத் தம்பிக்குத்தான். அண்ணன்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கூட்டம் பிதுங்கிய கடைசிப் பெட்டியில் ஜன்னல் ஜன்னலாகக் கேட்டுப் பார்த்தாள். நேற்றிலிருந்து அண்ணன் ஒருத்தர் வந்து வந்து பேசிவிட்டுப் போவாரே, அவருடைய தம்பி யார் என்று. யாருக்கும் தெரியவில்லை. அதற்கும் பின்னால் சாமான் வண்டி மட்டும்தான் இருந்தது. அதன் இரும்புக் கதவு பாதி திறந்திருக்க, பக்கத்தில் கொடியோடு கார்டு நின்றிருந்தார்.

இன்ஜின் அண்ணன் அவளைக் கவனிக்காமல் தாண்டி ஓடி, அந்தக் கதவைப் பிடித்து உள்ளே ஏறினார். அவளும் எட்டிப் பார்த்தாள். சாக்கு சுற்றிய மோட்டார் சைக்கிள்கள், துணி மூட்டைகள், இருட்டு. மூட்டைகளுக்கு நடுவே அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"டேய், புது இன்ஜின் மாட்டிட்டாங்கடா. பச்சை கலர். மாட்டுறப்ப வண்டியே ஒரு குலுக்கு குலுங்குச்சு, உனக்குத் தெரிஞ்சிருக்கும். அடுத்தது உன் பாலம்தான்."

பதிலுக்கு யார் பேசுகிறார்கள் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

கார்டு தொண்டையைச் செருமினார். "பாலம் தாண்டுற வரைக்கும் இந்தக் கதவைத் திறந்தே வைக்கிறேன் சார். சவப்பெட்டியையும் கொஞ்சம் இப்படித் திருப்பி வெச்சுக்கலாம். தலைமாடு எந்தப் பக்கம்?"