பிஸ்கட்டின் உண்ணாவிரதம்

"இந்த வாரமும் வாயைத் திறக்கல, வெண்டல்!" இடுக்கியில் செத்த எலி தொங்க, டார்லா கூடத்துக்கு வந்தாள். பாம்புத் தீனிக்காக ஃப்ரீசரில் உறைய வைத்திருந்த எலியை வெந்நீரில் போட்டு, ஹேர் டிரையரால் சூடேற்றி, மூக்கருகே ஆட்டியும் காட்டிவிட்டாள். அவளுடைய மலைப்பாம்பு பிஸ்கட் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஒஹாயோ குளிருக்குச் சாப்பாடு குறையும்தான். அதுக்காக இப்படியா?"

"முதல்ல அந்த எலியை அந்தப் பக்கம் கொண்டு போ!" சோபாவின் மேல் காலைத் தூக்கிக்கொண்டான் கணவன் வெண்டல். பாம்பு அறை வாசலை அவன் மிதித்து அவள் பார்த்ததே இல்லை.

டார்லாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சில மாலைகளில் வேலை முடிந்து வந்தால் அவளுடைய ஹேர் டிரையர் சூடாக இருந்தது. வெண்டலுக்கோ முழு வழுக்கை. அப்படியானால் இந்த வீட்டில் எவள் தலை காய்கிறது?

சனிக்கிழமை இருவரும் பிஸ்கட்டைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். எடை பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"பட்டினியா? போன தடவையைவிட நல்லா கொழுத்திருக்கு. யாரோ வேளாவேளைக்கு எலி போடுறாங்க."

டார்லா மெதுவாகத் திரும்பி அந்த வழுக்கையைப் பார்த்தாள். "என் ஹேர் டிரையர்..."

"நான்தான்" என்றான் வெண்டல். "தனியா எலி வாங்கி, சூடு பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு உள்ள போட்டுடுவேன்."

"உனக்குத்தான் பாம்புன்னாலே நடுக்கமாச்சே?"

"அதனாலதான்! அது சாப்பிடலன்னு நீ ஒருநாள் வந்து சொன்னே. பசியோட இருக்கிற பாம்பைப் பக்கத்து ரூம்ல வச்சுக்கிட்டு எவனுக்குத் தூக்கம் வரும்?"