விசிறிக் கயிறு

படுக்கையில் கிடக்கும் கணவருக்கு, கரண்ட் போன நேரமெல்லாம் விசிறி விசிறி பிலோமினாவுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. அருங்காட்சியகத்தில் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படங்களுக்குக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. அன்று வந்த படத்தில் துரைமாரும் சீமாட்டிகளும் கூடத்தில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். தலைக்குமேல் தொங்கிய நீளத் துணிவிசிறியின் கயிறு சுவரிலிருந்த துளை வழியாக வெளியே போயிருந்தது. அந்தத் துளையையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, ‘படத்தில் இருப்போர்: எட்டுப் பேர்’ என்று குறிப்பு அட்டையில் எழுதினாள்.

“எண்ணிப் பாருங்கம்மா, ஏழு பேர்தானே இருக்காங்க?” என்றார் அதிகாரி.

“கயிறு விறைப்பா இருக்கு சார். அந்தப் பக்கம் ஒருத்தர் இழுத்துக்கிட்டிருக்கார்.”

“கண்ணுக்குத் தெரியாத ஆளையெல்லாம் கணக்குல சேர்க்க முடியாது. திருத்திடுங்க.”

பிலோமினா பேனாவை மூடி, அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்களே திருத்திக்குங்க சார்.”