ஏழு தலைப் பூதத்தின் வயிறு

"இதென்ன காக்கா, பூதமா? பிள்ளைத்தாச்சி எருமை மாதிரியெல்லோ கிடக்கு!"

இமக்குலேற் டீச்சர் பச்சைத் துணி மூட்டையைத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டார்.

ஊரே அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்று கூப்பிடும் தையல்காரர் அபுல் ஹஸன் மெசினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தலை ஏழும் சரியா இரிக்கா டீச்சர்?"

"தலைக்கு ஒரு குறையும் இல்ல. வயித்தத்தான் கேக்கன். நான் சொன்னது மெலிஞ்ச, நீளமான பூதம். ஏழு பிள்ளையள் வரிசையா நடந்து வாறதுக்கு. நீங்க தைச்சதுக்குள்ள ஒரு ஓட்டோவே நிக்கும். பிரம்பு வளையம் வேற வெச்சிருக்கீங்க!"

"ஏழு வாயால தின்னுற பூதம். வயிறு கொஞ்சம் பெருசாத்தானே இரிக்கும்?" சிரிக்காமலே சொன்னார் அபுல் ஹஸன். "நாளைக்கி நாடகம் முடியட்டும் டீச்சர். அதுக்குப் பொறகு நல்லா ஏசுங்க."

பிரித்துத் தைக்க நேரமில்லை. நாளை பின்னேரம் கோயில் திருநாள் நாடகம். டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வருசா வருசம் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஒரு பூத நாடகம் எழுதுவது டீச்சரின் வழக்கம். "என்ர பிரசங்கத்துக்குத் தூங்கிற ஆக்களும் உங்கட பூதம் வந்தா எழும்பி இருக்கிறாங்க" என்று பங்குத்தந்தையே சொல்லிச் சிரிப்பார். சனம் வாய்விட்டுச் சிரிக்கும் நேரம் பார்த்து ஆண்டவருடைய வார்த்தை ஒன்றை உள்ளே இறக்கிவிடலாம் என்பது டீச்சரின் கணக்கு.

இந்த வருசம் ஏழு தலைப் பூதம். ஆண்டவரின் கையில் இருப்பதோ ஒரே ஒரு ரொட்டி, ஒரு றாத்தல் பாண். "எனக்குத்தான், எனக்குத்தான்" என்று ஏழு தலையும் ஒன்றையொன்று கடிக்கும். கடைசியில் ஆண்டவர் கேட்பார்: "வாய் ஏழு இருந்தாலும் வயிறு ஒண்டுதானே? பிறகென்னத்துக்குச் சண்டை?" பூதம் வெட்கப்பட்டு முழங்காலில் விழும். திரை மூடும்.

உடுப்பைப் பார்த்ததும் கோயில் சபைச் செயலாளர் கிறகரி தலையில் கைவைத்தார்.

"நம்மட ஆள் ஒருத்தரிட்டக் குடுத்திருக்கலாமே டீச்சர். அவருக்கு நம்மட நாடகத்தப் பத்தி என்ன தெரியும்?"

அதே யோசனை டீச்சருக்கும் வந்துதான் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மண்டபம் நிறைந்த சனம். மேடையோரத்தில் நின்று டீச்சர் திரைக் கயிற்றை இழுத்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்து பூதம் வந்தது.

வந்ததா அது? வயிற்றைத் தள்ளிக்கொண்டு அசைந்து அசைந்து உருண்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

டீச்சருக்கு அழுகை வரப் பார்த்தது. தொடக்கத்திலேயே சிரித்து முடித்துவிட்டால், சொல்ல வந்த விசயம் யாருக்குப் போய்ச் சேரும்?

ஏழு தலையும் சண்டை பிடித்தன. ஆண்டவராக நடித்த ஜெப்றி பாணை உயர்த்திப் பிடித்தான்.

"வாய் ஏழு இருந்தாலும் வயிறு ஒண்டுதானே?"

இனிப் பூதம் முழங்காலில் விழ வேண்டும். விழவில்லை.

வயிறு கதைத்தது.

"ஓம் ஆண்டவரே, நான் ஒருத்திதான்! இவங்க ஏழு பேரும் மேல நிண்டு சண்டை பிடிக்காங்க. பட்டினி கிடக்கிறது நான். என்னை ஒருத்தரும் பாக்கிறதில்ல!"

மண்டபத்தில் எழும்பிய கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

டீச்சர் திகைத்து நின்றார். அவர் எழுதாத வசனம் அது. அதைவிட நல்ல வசனம் ஒன்றை அவர் எழுதியதுமில்லை. யாருடைய குரல்?

ஜெப்றி குனிந்து பச்சைத் துணியை விலக்கினான்.

உள்ளே, பிரம்பு வளையங்களுக்கு நடுவில், சக்கர நாற்காலியில் டிலக்சினி இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. வாயெல்லாம் பல்.

"மேடைப்படி உனக்குக் கஷ்டம் மகள். நீ முன்வரிசையில இருந்து கைதட்டு" என்று நடக்க இயலாத அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருந்தது டீச்சர்தான். அன்பாகத்தான் சொன்னார். இன்றைக்குப் பிள்ளைகள் பின்படியில் பலகை சாத்தி நாற்காலியோடு அவளை ஏற்றியிருக்கிறார்கள்.

டிலக்சினி இரண்டு கையாலும் பாணை வாங்கினாள். பிய்த்து, மேலே நின்ற ஏழு தலைக்கும் ஒவ்வொரு துண்டாக நீட்டினாள். கடைசித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் திரையை மூட மறந்து போனார். "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்பதற்கு மேல் அவருக்கு ஒரு செபமும் வரவில்லை.

நாடகம் முடிந்ததும் நேரே வாசலுக்கு ஓடினார். அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் போக அபுல் ஹஸன் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கையைப் பிடித்தபடி நின்றார் கிறகரி.

"காக்கா..." ஓடி வந்ததில் டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "உங்களுக்கு என்னெண்டு நன்றி சொல்லுறதெண்டே தெரியல்ல. அளவெடுக்க நான் ஏழு பிள்ளையளத்தானே உங்கட கடைக்கு அனுப்பினன்?"

அபுல் ஹஸன் சைக்கிளில் ஏறினார்.

"ஓம் டீச்சர். ஆனா, வந்தது எட்டுப் பேர்."