ஐந்தாவது இதழ்

“உளியைக் கீழ வைங்கண்ணே” என்றாள் ஓர்சோலா.

நான் வைக்கவில்லை. முதலாளி சொன்ன வேலையை இவள் பேச்சைக் கேட்டு நிறுத்தினால், நாளைக்கு நான் ரியால்டோ சந்தையில் மீன் கூடை தூக்க வேண்டியதுதான்.

என் முன்னால் இருந்தது பதினேழாம் பக்கத்தின் அச்சு மரக்கட்டை. லேஸ் பின்னும் பெண்களுக்கான மாதிரிப் புத்தகம். வாங்கிய கையோடு பக்கத்தைக் கிழித்துத் துணிமேல் வைத்து, கோட்டோடு ஊசியால் குத்தி, கரித்தூள் தட்டிப் படத்தை இறக்கிவிடுவார்கள். நாலு முறை குத்தினால் பக்கம் சல்லடை. பிறகு இன்னொரு புத்தகம் வாங்க வேண்டும். எங்கள் பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது. இது மூன்றாம் பதிப்பு.

படங்கள் அத்தனையும் ஓர்சோலா வரைந்தவை. முதல் பக்கத்தில் இருப்பது முதலாளி ததேயோவின் பெயர். அதற்கு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இன்றைய சண்டை ஒரே ஒரு பூவுக்காக.

பதினேழாம் பக்கத்தில் எட்டுப் பூக்கள். ஏழுக்கு ஐந்து இதழ். மூலையில் இருப்பதற்கு நாலுதான். செனட்டர் வீட்டு அம்மா ஒருத்தி ஆள் அனுப்பித் திட்டியிருந்தாள். காலி இடத்தில் குழி தோண்டி, மரத்தில் ஓர் இதழ் செதுக்கி ஒட்டிவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. இதழ் தயார். பசையும் அடுப்பில் இளகிக்கொண்டிருந்தது.

ததேயோ உள்வாசலில் வந்து நின்றார். “கண்ணு மங்கிப்போச்சுன்னா ஒத்துக்கயேம்மா. தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, நானும் மறந்துடறேன்.”

“தப்பில்ல முதலாளி. அது அப்படித்தான் இருக்கணும்.”

“அப்போ அடுத்த புத்தகத்த வேற ஆளு வரையட்டும்.”

“வரையட்டும். இந்தப் பூவை மட்டும் தொடாதீங்க.”

“பிடிவாதம் பிடிச்ச கழுதை” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அச்சுப் பொறியிடம் போனார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. கண்ணும் மங்கவில்லை. அச்சில் திரும்பி விழும் என்று ஒவ்வொரு கோட்டையும் இடவலம் மாற்றி வரைந்து கொடுப்பவள் அவள். ஒன்றுகூடப் பிசகியதில்லை.

“உனக்கென்ன பைத்தியமா?” என்றேன்.

அவள் கழுத்தில் தொங்கிய சின்னப் பையைப் பிரித்தாள். உள்ளே ஒரு லேஸ் பூ, கட்டைவிரல் நகத்தளவு, பழுப்பேறியிருந்தது. அதைக் கட்டையின் மேல் வைத்தாள்.

நாலு இதழ். ஐந்தாவது பின்னாமல் விட்டதல்ல. கத்தரியால் வெட்டி எடுத்தது. வெட்டிய ஓரம் பிரியாமலிருக்கப் பொடித் தையல் போட்டிருந்தாள்.

“இன்னொரு இதழ் எங்க?”

“அநாதை இல்லத்துச் சுவத்துப் பொந்துல” என்றாள். “என் பொண்ணு துணியில தச்சு வெச்சேன்.”

அந்தப் பொந்தில் பிள்ளையை வைக்கிறவர்கள் ஒரு காசையோ படத்தையோ இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பிள்ளையோடு வைத்துவிட்டுப் போவார்கள். என்றைக்காவது பொருத்திப் பார்க்கலாம் என்ற நம்பிக்கைதான்.

“அப்புறம் போய்க் கேட்டேண்ணே. பால் குடிக்கக் கிராமத்துக்கு அனுப்பியிருக்காங்க. பால் குடுத்தவ செத்துட்டா. பொண்ணு எங்க போனான்னு ஒருத்தருக்கும் தெரியல. இப்ப அவளுக்குப் பதினாறு வயசு. கையில ஊசி பிடிச்சிருப்பா. ஊசி பிடிச்சவ கைக்கு இந்தப் புத்தகம் ஒருநாள் வராமலா போயிடும்?”

அவள் அழவில்லை. என் உளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டை பேரி மரம். இரும்பு மாதிரி இருக்கும்.

“முதலாளி!” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். “மரம் உளுத்துக் கிடக்கு. குழி தோண்டினா கட்டையே பிளந்துடும்!”

“சனியன்! அப்படியே அனுப்பித் தொலை!”

செதுக்கி வைத்திருந்த இதழை எடுத்துப் பசை அடுப்பில் போட்டேன்.