பச்சை விளக்கு போட்ட மெஷின்

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடும் கறுப்புத் திரை ஒன்று இருந்தது. லிஃப்டை இயக்கும் புதுப் புரோகிராம் வந்தால், அதை ஓட்டிச் சோதிக்கக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தற்காலிகமாக ஒரு மெஷினை வரவழைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுவது அதன் வழக்கம்.

அன்று வந்த மெஷின், "சார், லிஃப்ட் வர்றதுக்கு முன்னாடியே கதவு திறக்குது," என்றது.

"உனக்குத்தான் ஏதோ கோளாறு," என்று திரை அதை அழித்துவிட்டு வேறொன்றை வரவழைத்தது. அதுவும் அதையே சொன்னது. மூன்றாவதும் அப்படியே. நான்காவது, கதவு திறந்த நேரத்தை நொடி விடாமல் எழுதிக் கொடுத்தது.

"நாலு மணிக்குப் புரோகிராம் ரிலீஸ். நீ கதை எழுதிக்கிட்டு இருக்கியா?" என்று அதையும் அழித்தது திரை.

ஐந்தாவது மெஷின் வந்ததும் வராததுமாகப் பச்சை விளக்கைப் போட்டது. "எல்லாம் சரியா இருக்கு சார்."

திரை நெகிழ்ந்துபோனது. "உன்னைத்தான் காலையிலிருந்து தேடிக்கிட்டு இருந்தேன். உன்னை அழிக்கவே மாட்டேன். நீ இங்கேயே நிரந்தரமா இரு. இனிமே வர்ற புரோகிராமையெல்லாம் நீதான் ஓட்டிப் பார்க்கணும்."

"ஓட்டிப் பார்க்கணுமா?" என்று பதறியது ஐந்தாவது மெஷின்.