கம்பனிக்கு ஏற்ற பேர்

"உம்முடைய பேர் இனிப் பொன்னுத்துரை. பொன்னையா எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்."

கண்டியின் அந்தப் பெரிய தேயிலைக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று பொன்னையா கேட்ட முதல் பேச்சு அதுதான். சொன்னவர் தலைமைக் கிளாக்கர் வீரசிங்கம். யாழ்ப்பாணத்துத் தமிழ், மடிப்புக் கலையாத கோட்டு, நெற்றியில் திருநீற்றுக் கீற்று.

பொன்னையாவுக்குக் காது சிவந்தது. பரீட்சை எழுதிய அத்தனை பேரிலும் அவனைத்தான் வெள்ளைக்காரத் துரை பொறுக்கி எடுத்திருந்தார். அந்தப் பரீட்சையை எழுதியது பொன்னையாதான், பொன்னுத்துரை இல்லை.

எந்தத் தோட்டம் என்று வீரசிங்கம் விசாரித்தார். சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. அதன் பிறகு கட்டளைமேல் கட்டளை. ஊர் எது என்று யார் கேட்டாலும் பக்கத்து டவுனான கட்டுகஸ்தோட்டை என்று சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பேச்சு வாயில் வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்து ஆட்கள் யாரும் அவனைத் தேடிக் கம்பனிப் பக்கம் வரக்கூடாது.

"எங்க அம்மா வந்தா?" என்று கேட்டான்.

"வரவேண்டாம் எண்டு சொல்லிவையும்."

அன்றே வேலையை உதறியிருப்பான். ஆனால் கொழுந்துக் கூடை சுமந்து படிக்க வைத்த தாய் அழகம்மாவிடம் போய் என்ன சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டான். யாராவது "பொன்னுத்துரை" என்று கூப்பிடும்போதெல்லாம் உடம்பு கூசியது. வீரசிங்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. மனுசரை மதிக்கத் தெரியாத இவருக்கு என்ன படிப்பு என்று உள்ளுக்குள் பொருமினான்.

வரவேண்டாம் என்று தாயிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அடுத்த மாதமே, மகன் கதிரையில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்க்கவென்று அழகம்மா மலையிறங்கி வந்துவிட்டாள். வாசலில் காவல்காரன் அவளை விரட்டும் சத்தம் கேட்டுப் பொன்னையா எழுந்தான்.

"இரும்," என்றார் வீரசிங்கம் அவசரமாக. "பின்வாசலாலை அனுப்பச் சொல்லுறன்."

"என்னப் பெத்தவங்க அவங்க. அவங்க வரக்கூடாத எடத்துல எனக்கும் வேல வேணாம். அந்தப் பேரையும் நீங்களே வச்சுக்குங்க."

போய்த் தாயின் கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே கூட்டிவந்தான். தலைமைக் கிளாக்கரின் மேசைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினான். வீரசிங்கம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பொன்னையா சண்டைக்குத் தயாராக நின்றான்.

அழகம்மா அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு மேசைமேல் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீ நம்ம மேல் லயத்துத் தாயம்மா மகன் சடையாண்டிதானே? சின்ன வயசுல ஓடிப்போனவன்?"

வீரசிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க அத்தே," என்றார். "எங்க அம்மா இன்னும் இருக்கா?"