ஏழு வேலை நாள்

"என் பணத்தை நீங்களே பிடிச்சு வெச்சுக்கிட்டு, கணக்குல பணம் இல்லைன்னு எனக்கே அபராதம் போடறீங்களே, இது எந்த ஊர் நியாயம்மா?"

தையல்கடைக்காரி போட்ட சத்தத்தில் அயர்ன் பாக்ஸ்கூட ஒரு நிமிடம் ஆறியிருக்கும். ஆனால் போனின் மறுமுனையில் இருந்த பெண் அசரவில்லை. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

"அது அபராதம் இல்லைங்க மேடம், ஓவர்டிராஃப்ட் பாதுகாப்புக் கட்டணம். உங்க எம்பிராய்டரி மெஷின் தவணைக்குக் கணக்குல பணம் பத்தலை. நாங்க போட்டுக் கட்டிட்டோம். அதுக்கான கட்டணம்தான் அது."

"ஏன் பத்தலை? திங்கக்கிழமையே செக்கைப் போட்டோ எடுத்து உங்க ஆப்ல போட்டேனே!"

"செக் வந்திருக்கு மேடம். ஹோல்டுல இருக்கு. ஏழு வேலை நாள் ஆகும்."

கிளையே இல்லாத பேங்க் அது. எல்லாமே போனில்தான். நேரில் போய்ச் சண்டை போடலாமென்றால், ஏறி இறங்க ஒரு வாசற்படிகூடக் கிடையாது. கணக்குத் திறக்கும்போது அதுதான் வசதி என்று நினைத்தாள். இப்போது யார் சட்டையைப் பிடிப்பது?

எதிரே காஜா அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிக் கோட்டின் பாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருந்த நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாகப் பட்டன் ஓட்டை தைத்துத் தைத்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள். அவளும் இன்னும் மூன்று பெண்களும் இரண்டு வாரம் இடுப்பொடிய வேலை பார்த்து அறுபது கோட்டை முடித்திருந்தார்கள். இன்று சாயங்காலம் கூலி என்று வாக்குக் கொடுத்தவள் தையல்கடைக்காரி. கூலி வந்ததும் முதல் வேலை கண்ணாடிக் கடைதான் என்று காஜா அக்கா காலையில் சொன்னபோது, பணம் இன்னும் வரவில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்த வெட்கம்தான் இப்போது கோபமாகப் பொங்கியது.

"நீங்க ஏழு நாள் பிடிச்சு வெச்சா அது ரூல், நான் ஒரு நாள் தவறினா கட்டணமா? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? உங்க மேலதிகாரியைக் கூப்பிடும்மா!"

"லைன்ல இருங்க மேடம்."

ஸ்பீக்கரில் பாட்டு ஒலித்தது. நடுநடுவே ஒரு தேன் குரல், "உங்கள் நம்பிக்கையே எங்கள் மூச்சு" என்றது. காஜா அக்கா கையிலிருந்த கோட்டைப் பார்த்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க அக்கா. எனக்கு வயிறு எரியுது."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. கோட்டுகளை எடுத்துப் போக வந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். "அக்கா, மூட்டையை ஏத்தலாமா? லேட்டானா ஆபீஸ்ல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"ஒரு நிமிஷம் இருங்க அண்ணே."

சூப்பர்வைசர் வந்தார். குரலிலேயே டை கட்டியிருந்தார். "சொல்லுங்க மேடம்."

"செக் கொடுத்த பார்ட்டி யாருன்னு பார்த்தீங்களா சார்?"

"யாரா இருந்தா என்ன மேடம்? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். அவங்க கணக்குல பணம் இருக்கா, கையெழுத்து நிஜமா, எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ அந்தப் பார்ட்டி ஏமாத்துக்காரங்களா இருக்கலாம்னு சொல்றீங்க?"

"இருக்கலாம். இந்தக் காலத்துல யாரை நம்ப முடியுது? நாங்க ஹோல்டு பண்றதே உங்க நல்லதுக்குத்தான்."

"நாலு பேருக்குக் கூலி கொடுக்கணும் சார். நான் என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டா, பணம் கைக்கு வர்ற வரைக்கும் நீங்களும் சரக்கைக் கொடுக்கக் கூடாது மேடம். அதுதான் புத்திசாலித்தனம்."

தையல்கடைக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்தப் பேச்செல்லாம் ரெக்கார்டு ஆகுதா சார்?"

"ஒரு வார்த்தை விடாம ஆகும் மேடம்."

"ரொம்ப சந்தோஷம்." போனைக் கையில் பிடித்தபடியே வாசலைப் பார்த்துக் கத்தினாள். "டிரைவர் அண்ணே! வெறும் வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. அறுபது கோட்டும் ஹோல்டுல இருக்கு. ஏழு வேலை நாள் ஆகும்!"

"ஐயோ அக்கா! நாளைக்குக் காலைல விழா. அறுபது பேரும் இதைப் போட்டுக்கிட்டு வரிசையா நிக்கணும்!"

"என்ன மேடம், அங்க யார்கிட்ட பேசறீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

காஜா அக்கா நீட்டிய கோட்டை அவள் வாங்கினாள். பாக்கெட்டின் மேல் நீல நூலில் 'உங்கள் நம்பிக்கையே எங்கள் மூச்சு' என்ற எழுத்துகள் பளிச்சென்று இருந்தன.

"உங்க பேங்க் அனுப்பின டிரைவர்கிட்டதான் சார். அந்தச் செக்கும் உங்க பேங்க் கொடுத்ததுதான். நாளைக்கு உங்க முதல் கிளை திறப்பு விழாவுக்குக் கோட்டு அவசரமா வேணும்னா சொல்லுங்க, என்கிட்டயும் ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கு. கட்டணம் மட்டும் தனி!"